திருத்தம்: ஞானம்பாள் டீச்சர்

3 ஜூன் 2025, செவ்வாய்

காலை முழுக்கப் பிரேமலதாவின் பதினோராம் அத்தியாயத்தோடு போயிற்று. செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் கதை செல்போன் செயலியில் ஏறியாக வேண்டும். அதற்கு முன் அது என் கைக்கு வந்து பிழை நீங்கிப் போக வேண்டும். பதினைந்து வருஷம் ஒரே ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நான் தமிழ், அவள் அறிவியல். அவள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு காதல் கதை எழுதப் போனாள். நான் வயது முடிந்து வந்து அவளுக்குப் பிழை திருத்துகிறேன். ஒவ்வோர் அத்தியாயத்தின் தலையிலும் ‘திருத்தம்: ஞானம்பாள் டீச்சர்’ என்று போடுகிறாள். வேண்டாமென்றால் கேட்பதில்லை.

இதுவரை எழுதிய ஒன்பது கதைகளிலும் நாயகன் ஒரே ஆள்தான். ஆறடி உயரம், சிவந்த கண், மூக்குக்கு மேல் கோபம். நாயகியைக் கன்னத்தில் அறைவான், பிறகு ஜன்னலோரம் நின்று வருந்துவான். அறைவதுதான் காதலுக்கு அடையாளம் என்றால் எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு சார் தினமும் நாற்பது பேரைக் காதலித்தார்.

பத்தாவது கதை வேறு மாதிரி இருக்கும் என்று அவளாகத்தான் சொன்னாள். நாயகனைவிட மூன்று வயது மூத்த பெண். தாலி கட்டாமல் ஒரே வீட்டில் வாழத் துணிகிற இரண்டு பேர். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் ஆரம்பத்தில் அவள் அனுப்பியதில் ‘அவன் மிகவும் நல்லவன்’ என்று இருந்தது. நல்லவன் என்றால்? முப்பத்து நான்கு வருஷம் கரும்பலகை முன்னால் நின்று சொன்னதையே அவளுக்கும் சொன்னேன்: “ஏட்டி, உதாரணம் இல்லாமச் சொன்னது சொன்னதாவாது.”

“அப்ப நீயே குடு யக்கா.”

கொடுத்தேன். படித்து முடித்த செய்தித்தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைப்பான், அடுத்து எடுக்கிறவருக்குப் புதுத்தாள் மாதிரி இருக்கட்டும் என்று. கடிகாரத்தின் முகம் உள்மணிக்கட்டுப் பக்கம் இருக்கும்படி கட்டுவான். எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும், வாளித் தண்ணீரானாலும், ஆழம் சொல்வான். சாப்பிட்டுத் தன் தட்டைக் கழுவப் போகும்போது பக்கத்துத் தட்டையும் கேட்காமலே எடுத்துக்கொள்வான். இன்னும் எவ்வளவோ. அத்தியாயத்துக்கு இரண்டு உதாரணமாவது கொடுத்துவிடுகிறேன்.

எல்லாம் பரமசிவன் சாரிடம் நான் பார்த்தவை. பிரேமாவுக்கும் அது தெரியும். இந்தச் சேரன்மகாதேவியில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

6 ஜூன், வெள்ளி

கன்னடியன் கால்வாயில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். பரமசிவன் சார் பாலத்தில் நின்று பார்த்துவிட்டு நூலகத்துக்கு வந்து, “ரெண்டே முக்கால் அடி” என்றார். யாரும் கேட்கவில்லை.

14 ஜூன், சனி

எழுதி வைத்தால்தான் எனக்கே தெளிகிறது.

அவருக்கு அறுபத்தேழு, எனக்கு அறுபத்து மூன்று. பொதுப்பணித்துறையில் கால்வாய் ஓவர்சீயராக இருந்தவர். மனைவி போய் ஒன்பது வருஷம். மகன் குருபிரசாத்தோடும் மருமகளோடும் இருக்கிறார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு காரணம் சொல்லிச் சொல்லி, அதில் எது உண்மை என்பது இப்போது எனக்கே மறந்துவிட்டது. கிளை நூலகத்தில் ஐந்து வருஷமாக எதிரெதிர் நாற்காலி.

போன தை மாதம் அவர் சொன்னார்: “டீச்சர், இன்னைக்கு என்ன கொழம்புன்னு கேக்கதுக்கு ஒரு ஆள் வேணும்லா. நமக்கு ரெண்டு பேருக்கும் அது இல்ல.” பிரேமாவின் ஒன்பது கதையிலும் இப்படி ஒரு வசனம் கிடையாது.

இன்று நூலகத்துப் பின்பக்கம் நின்று பேசி முடிவு செய்துவிட்டோம். தாலி வேண்டாம், பதிவும் வேண்டாம். இந்த வயதில் யாருக்கும் மனைவியாக இருக்கப் புதிதாகப் பழக என்னால் முடியாது. அவரும் அதைச் சரி என்றார். ஒரு வீடு, இரண்டு ரேஷன் கார்டு. அவர் என் வீட்டுக்கு வந்துவிட வேண்டியது. நான் கேட்டது ஒன்றே ஒன்று. மகனிடம் அவரே, அவர் வாயால் சொல்ல வேண்டும். வேறு யார் மூலமாகவும் அந்தப் பிள்ளை காதுக்குப் போகக் கூடாது.

“சொல்லாம வருவனா?” என்றார். “ஆனா நாளைக்கு ஆனி பொறக்கு. அடுத்தாப்ல ஆடி. ஆடியில வீடு மாறப்படாது. இப்பமே சொன்னா ரெண்டு மாசம் அவனும் மருமவளும் மூஞ்சியத் தூக்கிக்கிட்டு இருப்பாவ. ஆவணி ஒண்ணாந்தேதி காலைல சொல்லுதேன், அன்னைக்கே பெட்டியத் தூக்கிட்டு வந்துருதேன்.”

நியாயமாகத்தான் பட்டது. தண்ணீர் மட்டம் பார்த்து மடை திறந்து பழகியவர். அவசரப்படாத மனிதர்.

ஆவணி ஒன்று ஆகஸ்ட் பதினேழு. ஞாயிற்றுக்கிழமை.

24 ஜூன், செவ்வாய்

பிரேமா போன் செய்தாள். “யக்கா, நம்ம ஆளு எடுபடல.”

வாசகிகள் எழுதியதைப் படித்துக் காட்டினாள். ‘ஹீரோ ரொம்ப சப்பை.’ ‘தட்டு கழுவ எதுக்கு ஹீரோ?’ ‘எப்பதான் கோபப்படுவாரு?’ தண்ணீருக்கு ஆழம் சொல்கிற இடம் மட்டும் எல்லோருக்கும் பிடித்திருக்கிறதாம்.

“அறுபத்தேழு வயச முப்பத்தஞ்சு ஆக்கினேன். ஓவர்சீயர அணைக்கட்டு இன்ஜினியர் ஆக்கினேன். இன்னும் என்ன செய்யச் சொல்லுத?”

“கோவப்படாததுதானட்டி அவன் குணம்.”

“படிக்கிறவளுக்கு அது குணமாத் தெரியலயே யக்கா. கொறையால்லா தெரியுது.”

மூத்த பெண் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். தாலி இல்லாத வீட்டையும் ‘புதுமை’ என்கிறார்கள். ஆனால் ஆண் மட்டும் பழைய ஆணாக இருக்க வேண்டும். எனக்கு, எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் அம்மா ஞாபகம் வருகிறது. மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட வந்தாள், ஒரு கன்னம் வீங்கி. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, “அவுகளுக்குப் பாசம் ஜாஸ்தி டீச்சர், அதான் கோவமும் ஜாஸ்தி” என்றாள். அவள் வாழ்க்கையில் ஒரு கதையும் படித்தவள் இல்லை.

4 ஜூலை, வெள்ளி

இருபதாம் அத்தியாயம் வந்தது. நாயகி தயங்குகிறாளாம். பேருந்து நிலையத்தில் வைத்து அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கோவிலில் எல்லோர் முன்னாலும் தாலி கட்டிவிடுகிறான். ‘உள்மணிக்கட்டில் அவன் கட்டியிருந்த கடிகாரம் அவள் கையில் அழுந்தியது. வேண்டாம் என்றாள் அவள். ஆனால் அவள் கண்ணீரில் சம்மதம் இருந்தது.’

நான் கொடுத்த கடிகாரம். அதை எதற்குப் பயன்படுத்தியிருக்கிறாள் பாருங்கள்!

ஓரத்தில் எழுதினேன்: கண்ணீரில் கண்ணீர்தான் இருக்கும். வேறொன்றையும் திருத்தாமல் திருப்பி அனுப்பிவிட்டேன். ஐந்தரை மணிக்கு அவள் போன்.

“யக்கா, நீ மெய்ய எழுதச் சொல்லுத. மெய்ய எவ படிப்பா? சோத்த வடிச்சுக்கிட்டே, புருசன் பொலம்புறதக் கேட்டுக்கிட்டே படிக்கா. அவளுக்கு ஒருத்தன் கையப் புடிச்சு இழுக்கணும். ‘நீதான் வேணும்’ங்கணும். அவ்வளவுதான்.”

“கைய விடுன்னு சொன்னா விடுத ஒருத்தன் வேணும்னு எவளுக்கும் தோணாதா?”

“ஒனக்குத் தோணுது. நீ தனியா இருக்க.”

சொன்ன பிறகு அவளே பயந்துபோனாள். நான் போனை வைத்துவிட்டேன்.

5 ஜூலை, சனி

திருத்தாமலே போட்டுவிட்டாள். முதல் பக்கத்திலேயே மூன்று பிழை. தலையில் என் பேர் அப்படியே இருக்கிறது.

7 ஜூலை, திங்கள்

நானூற்றுச் சொச்சம் பேர் எழுதியிருக்கிறார்கள். ‘இப்பதான் ஹீரோ.’ ‘இதுக்குத்தான் இருபது எபிசோடு காத்திருந்தோம்.’ ‘கல்யாணம் வேண்டாம்னவளுக்குச் சரியான பாடம்.’ பாதிப் பேர் அழுதுகொண்டும் நெஞ்சுக்குறி போட்டுக்கொண்டும். எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன். ஏன் படித்தேன்?

முறையை மீறிக் கதை எழுதலாம், தப்பில்லை. கடைசியில் முறைக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். வர மறுத்தால் இழுத்துக்கொண்டாவது வர வேண்டும்.

11 ஜூலை, வெள்ளி

ஒரு வாரமாகப் பரமசிவன் சார் நூலகத்துக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்குமோ. போன் அடித்து ஓய்கிறது.

13 ஜூலை, ஞாயிறு

பதினோரு மணிக்கு வாசலில் ஸ்கூட்டர் சத்தம். முப்பது வயது இருக்கும். “டீச்சர், நான் முத்துராணி. பரமசிவன் சாருக்கு மருமவ” என்றாள். உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். மோர் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

கதையை முதல் அத்தியாயத்திலிருந்து படிக்கிறாளாம். “தண்ணியப் பாத்து அடி சொல்லுத எடம் வரவும் எனக்குச் சிரிப்பு அடக்க முடியல டீச்சர். எங்க மாமாவும் அப்படித்தான். மீன் கொழம்புச் சட்டிய எட்டிப் பாத்துட்டு, ‘ஒண்ணே கால் அங்குலம், நாளைக்குத் தாங்காது’ம்பாவ. அப்புறம் பேப்பர் மடிக்கிறது. தட்டு. கடிகாரம் வரவும் சிரிப்பு நின்னு போச்சு. மேல பாத்தா ஒங்க பேரு. நூலகத்துல மாமாவுக்கு எதுத்தாப்ல உக்காருத டீச்சர் பேரும் அதான்னு எனக்குத் தெரியும்லா.”

அப்போதும் அவள் யாரிடமும் சொல்லவில்லையாம். தாலி கட்டுகிற அத்தியாயம் வந்ததும் பயந்துபோய்ப் புருஷனிடம் காட்டிவிட்டாள். குருபிரசாத் கங்கைகொண்டானில் வேலை முடிந்து வந்த சட்டையோடு, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவின் முன்னால் போனை நீட்டினானாம். “அந்தப் பொம்பள கையப் புடிச்சு இழுத்தியளா? தாலி கட்டிட்டியளா?”

நான் கேட்டேன்: “அவுக என்ன சொன்னாவ?”

“மாமா தலையத் தூக்கல டீச்சர். பைய சொன்னாவ. ‘அந்தம்மா தனியா இருக்கவங்க. படிச்சுப் படிச்சு ஏதோ நெனச்சுக்கிட்டாங்க போல. சேக்காளிட்டச் சொல்லி எழுத வச்சிருக்காங்க. எனக்கும் அதுக்கும் ஒண்ணுமில்ல’ன்னாவ.”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். இருபத்தைந்து வார்த்தை போதும். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லை. நான் போட்ட நிபந்தனைதானே அது.

முத்துராணி எழுந்தாள். மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு என் கையைத் தொட்டாள். “தப்பா நெனைக்காதிய டீச்சர். தனியா இருந்தா மனசு என்னென்னமோ செய்யும். டாக்டரப் பாக்கணும்னா சொல்லுங்க, நானே திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போறேன். இவுககிட்டகூடச் சொல்ல மாட்டேன்.”

பரிகாசமே இல்லை. மனசாரத்தான் கேட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வாசற்படி இறங்கியவள் திரும்பி வந்தாள். “கதைய நிப்பாட்டச் சொல்லிராதிய. அடையாளத்த மட்டும் மாத்தச் சொல்லுங்க. ரொம்ப நல்லாப் போவுது.”

14 ஜூலை, திங்கள்

ஏதோ நெனச்சுக்கிட்டாங்க போல.

17 ஜூலை, வியாழன்

வந்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தாளை விரித்தார். ஒன்றுமே நடக்காத மாதிரி, “மேல மழையாம். அணைக்கு வரத்து இருக்கு” என்றார். நான் எழுந்து பின்பக்கம் போனேன். பின்னாலேயே வந்தார்.

“நான் ஏதோ நெனச்சுக்கிட்டேன்னு சொன்னியளாமே.”

“அந்நேரத்துக்கு வாயில வந்தது அதான் டீச்சர்.”

“எனக்குக் கிறுக்குன்னு வந்துதா?”

“சே, அந்த வார்த்தய நான் சொல்லல.”

“சரி, அன்னைக்கு வரல. இன்னைக்குச் சொல்லலாம்லா. மகன் அஞ்சு மணிக்கு வந்துருவான். நான் வரல. நீங்களே சொல்லுங்க. நெனச்சது அவுக மட்டும் இல்ல, நானுந்தான்னு ஒரு வார்த்த.”

கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்:

“இன்னைக்கு ஆடி பொறந்துட்டே டீச்சர்.”

சிரித்துவிட்டேன். நூலகர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். அவர் பயந்துபோய், “பைய, பைய” என்றார்.

20 ஜூலை, ஞாயிறு

பிரேமாவுக்கு நான் கொடுத்த உதாரணங்களை எல்லாம் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். முப்பதுக்கு மேல் வரும். அத்தனையும் அவர் யாரையும் எதிர்க்க வேண்டியிராத இடங்கள். செய்தித்தாள் சண்டைக்கு வராது. எச்சில் தட்டு ‘ஏன்’ என்று கேட்காது. ஒரு மனிதரை எதிர்த்து அவர் ஒரு சொல் சொன்னதற்கு உதாரணம்? இல்லை. ஐந்து வருஷத்தில் ஒன்றுகூட இல்லை. நான் தேடவும் இல்லை. ஒருமுறை நூலகத்தில் ஒருவன் அவர் படித்துக்கொண்டிருந்த தாளை அப்படியே பிடுங்கிக்கொண்டு போனான். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். அதைப் பெருந்தன்மை என்று பிரேமாவுக்குச் சொன்னேன். ஆறாம் அத்தியாயத்தில் இருக்கிறது.

ஒரு பிள்ளை இப்படி ஒருபக்கச் சார்பான உதாரணங்களாக அடுக்கிவிட்டு முடிவுக்குப் போயிருந்தால் ஐந்துக்கு இரண்டு போட்டிருப்பேன்.

கண்ணீரில் சம்மதத்தைப் படிக்கிறாளே என்று அவளிடம் கோபப்பட்டேன். இவர் வாய் திறக்காததில் நான் என்னவெல்லாம் படித்திருக்கிறேன்! பொறுமை. நிதானம். மட்டம் பார்த்து மடை திறக்கிறவர்.

இல்லை, அவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் பொய் எழுதுகிறவள். நல்லவர்தான். அவர் வீட்டில் யாருக்கும் அவரால் ஒரு தொந்தரவும் கிடையாது.

2 ஆகஸ்ட், சனி

நடந்ததைப் போனில் நான் சொன்னதைக் கேட்டுப் பிரேமா வந்தாள். மஸ்கோத் அல்வாவோடு. அழுதாள். “நான் நெனச்சே பாக்கல யக்கா. அந்தப் புள்ள படிப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்? தப்பு என்மேலதான்.”

“உதாரணம் குடுத்தவ நான்.”

“ஒரு குறிப்புப் போடட்டுமா? ‘இது முழுக்கக் கற்பனை’ன்னு?”

“போடு. அதத்தான் அவரும் சொன்னாரு.”

அவள் சட்டென்று போனை எடுத்து ஏதோ தட்டினாள். என்னட்டி என்றேன். ஒன்றுமில்லை என்றாள். வாங்கிப் பார்த்தேன். நான் அப்போதுதான் சொன்ன வாக்கியம், எழுத்து மாறாமல், ‘அத். 30க்கு’ என்று தலைப்புப் போட்டு.

நான் கத்தவில்லை. என் பேரை எடுத்துவிடச் சொன்னேன். “இனிமே அனுப்பாத” என்றேன். அல்வாவை அவள் பைக்குள்ளேயே வைத்து, வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

ஆவணி ஒன்று. காலையிலிருந்து வாசல் கதவு திறந்துதான் கிடந்தது. பால்காரர் வந்தார், கேஸ்காரர் வந்தார்.

5 செப்டம்பர், வெள்ளி

ஆசிரியர் தினம். பழைய மாணவிகள் ஏழு பேர் ஒரே ரோஜாப்பூவை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள்.

நூலகத்துக்குச் சாயங்காலம் போகிறேன் இப்போது. அவர் காலையில் வருவதாக நூலகர் சொன்னார். நான் கேட்கவில்லை.

ஒன்றை எழுதாமல் விடக் கூடாது. ஆறு மணி ஆனதும் கை தானாகப் போனை எடுக்கிறது. இன்றைய அத்தியாயத்தில் நாயகனின் குடும்பமே எதிர்த்து நிற்கிறது. அவன் மேசையைப் புரட்டுகிறான், அண்ணன் சட்டையைப் பிடிக்கிறான், “ஆமா, இவள்தான். இவள் இல்லாமல் நான் இல்லை. யாருக்கு என்ன வேணும்?” என்று தெருவே கேட்கக் கத்துகிறான். சந்தி எல்லாம் தப்பு. நம்ப முடியாத வசனம். மூன்று பேருக்கு அடி.

அந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன்.

29 செப்டம்பர், திங்கள்

குலசை முத்தாரம்மன் கோவில் தசராவுக்கு வேஷம் கட்டியவர்கள் தெருத்தெருவாகக் காணிக்கை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பத்து மணிக்கு எங்கள் தெருவில் தவில் சத்தம். போலீஸ் வேஷத்தில் ஒருவர், தொப்பியும் லத்தியுமாக. பக்கத்தில் வந்தபோதுதான் தெரிந்தது, குருபிரசாத். விரதத்தில் இருக்கிறவன் ஒரு வாசலையும் தாண்டிப் போகக் கூடாது. என் வாசலை மட்டும் விட்டுப் போனால் தெருவே ஏன் என்று கேட்கும். நின்றான்.

“காணிக்கை போடுங்க தாயி,” என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

அவனுக்குப் பின்னால் காணிக்கை டப்பாவைப் பிடித்துக்கொண்டு அப்பா. மெலிந்திருந்தார். டப்பாவை என் முன்னால் நீட்டினார். போட்டேன். “டீச்சரம்மா நல்லா இருக்கியளா?” என்றார். ஐந்து வருஷமும் வெறும் டீச்சர்தான் நான். “நல்லா இருக்கேன் சார்” என்றேன். குருபிரசாத் கொடுத்த குங்குமத்தை வாங்கிக்கொண்டேன். அவர்கள் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்கள்.

முத்துராணி மட்டும் நின்றாள். தவில் சத்தத்தில் காதுக்குப் பக்கத்தில் வந்து கேட்டாள்: “வெள்ளிக்கிழமையோட கதை முடியுதாம்லா டீச்சர். ரெண்டு பேரும் சேந்துருவாவளா?”

“நான் இப்ப திருத்துறது இல்லம்மா.”

“தெரியும், பேர எடுத்துட்டாவளே. ஆனா ஒங்ககிட்டச் சொல்லாம இருப்பாவளா?” என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது. “கதையிலயாவது சேத்து வச்சிரச் சொல்லுங்க டீச்சர். ரெண்டு மூணு நாளா எனக்குச் சோறே எறங்கல. பாவம்லா ரெண்டு பேரும்.”

அவளைப் பார்த்தேன். அவளுக்கு எல்லாம் தெரியும். எப்போது தெரிந்ததோ, யார் சொன்னார்களோ, அல்லது மாமனார் வாய் திறக்காமல் இருப்பதைத் தினமும் பக்கத்திலிருந்து பார்த்தே தெரிந்ததோ.

“சேருவாவ,” என்றேன்.

“நிசமாவா?”

“நிசமாத்தான். கடைசி அத்தியாயத்துல.”

முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “முத்தாரம்மன் ஒங்களுக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டா டீச்சர்” என்று சொல்லிவிட்டு ஓடினாள். அடுத்த வாசலில் அவர் டப்பாவைக் குலுக்கிக்கொண்டு நின்றார்.

பிரேமாவோடு நான் பேசி இரண்டு மாதம் ஆகிறது.